கடைசி ஆளின் வலது கை

போன மாதம் ஒரு காலை நிரோஷா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்களின் பின் திருகோணமலை நகரத்து நடைக் குழுக்களைப் பொறுப்பெடுத்த சுகாதாரக் கல்வி உத்தியோகத்தர் அவர். சுகம் விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"சேர், டச்பே கடற்கரைக் குழுவில கடைசியா நடக்கிற ஆள் வலது கையில ஒண்டும் வைச்சிருக்கக் கூடாதோ? ஃபைல் முழுக்கத் தேடிப் பாத்தனான். அப்பிடி ஒரு விதி இல்ல."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நேற்றுத்தான் முதன்முதலாப் பின்னால நடந்தனான். கையில ஃபோன் இருந்தது. முன்னால போன ஒரு அம்மா திரும்பி வந்தா. ஃபோனை வாங்கி இடது கையில வைச்சுவிட்டா. வலது கையை விரிச்சு, ஒருக்காத் தொட்டுப்போட்டு, ஒண்டும் கதைக்காமல் போட்டா. மற்ற ஆக்கள் எல்லாரும் நிண்டு பாத்தவை. ஒருத்தரும் சிரிக்கேல்ல சேர்."

"கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கிற அம்மாவே?"

"ஓம். றெஜினா எண்டு பேர்."

நிரோஷாவுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. மேலிடத்திலிருந்து புதிய திட்டம் வந்திருக்கிறது. எல்லாக் குழுக்களையும் ஒன்றாக்கி, காலை ஏழு மணிக்கு மைதானத்தில் கூட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்விப்பது. ஒவ்வொருவர் ஃபோனிலும் ஒரு செயலி. ஒரே நிற ரீசேட் சட்டை. மற்றக் குழுக்கள் சம்மதித்துவிட்டன. டச்பே குழு மட்டும் விடிய முன்னர் நடப்பதை விட்டு அசைய மறுக்கிறது. சம்மதிக்காத குழுவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று கடிதத்தில் இருக்கிறதாம். அவர் பதில் எழுத வேண்டும்.

"ஏன் சேர் இவை இருட்டோட நடக்கினம்?"

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதைத் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னேன். விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சுகாதாரப் பகுதிக்கு வருமுன் சில காலம் ஒரு பத்திரிகைக்குத் திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே கற்றது இரண்டு. கண்டதையும் கேட்டதையும் ஒரே வசனத்தில் கலக்கக் கூடாது. ஒருவர் மட்டும் அறிந்த விஷயத்தை, இரண்டாவது ஆள் தானாக வந்து சொல்லும் வரை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. தானாக என்பது முக்கியம். நாம் கேட்டு வாங்கும் "ஓம்" சாட்சியாகாது என்பார் செய்தி ஆசிரியர். பிறகு அரசாங்க வேலை கிடைத்தது. பயிற்சி முடிந்து தம்பலகாமத்தில் சில வருடங்கள். நுளம்பு ஒழிப்பு, கிணறு, மலசலகூடம் என்று அலைந்து, யானைக்குப் பயந்து பொழுது சாய முன் வீடு திரும்பிய காலம். அதன்பின் நகரம்.

நகரத்தில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் டொக்டர் சிவகாமி. மெலிந்த, உயரமான பெண். யாராவது பேச வந்தால் முகத்தைப் பார்க்குமுன் பாதத்தைப் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தத் தேவையும் இருக்கவில்லை. அவர் மேசையில் கோப்புகள் தேங்குவதில்லை; ஒரு கோப்பைத் தட்டு மட்டும் எப்போதும் இருக்கும். அதில் ஒரு புளியங்கொட்டை, உடைந்த ஊசி, சட்டைப் பொத்தான், இறால் தலை முள், சில கூழாங்கற்கள். எல்லாம் நீரிழிவு நோயாளர்களின் சப்பாத்துகளுக்குள்ளிருந்து அவர் எடுத்தவை. அவற்றின்மேல் நாள் முழுவதும் நடந்தவர்கள் அவை அங்கே இருந்ததை அறியவில்லை. உணர்ச்சி செத்த பாதம் சொல்லாது.

"சொல்லாத காலை நாங்கள்தான் கேக்க வேணும்," என்பார்.

நடைக் குழுக்களை அவர்தான் தொடங்கினார். கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பது நோக்கம். அவர் வகுத்த முறை எளிமையானது. சப்பாத்துப் போட முன் உள்ளே கையை விட்டு நுனிவரை தடவிப் பார்க்க வேண்டும். குழுவுக்கு ஒரு முன் ஆள், ஒரு கடைசி ஆள். முன் ஆளைத் தாண்டி எவரும் போகக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. வேகத்தை அளக்க அவர் கருவி எதையும் நம்பவில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. கதைக்கவே முடியாவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது. பாட முடிந்தால் வேகம் போதாது. மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் கூட நடந்து, இரண்டு வரி பாடச் சொல்லிப் பார்ப்போம்.

டச்பே குழுவின் முன் ஆள் சண்முகம் அண்ணை. துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே இழுத்துவரும் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்தப் பாட்டு விதியைக் கேட்டதும் கையை உயர்த்தினார்.

"டொக்டர், எனக்கு இருந்துகொண்டே பாட ஏலாது. அப்ப நான் கதிரையில இருந்தாலும் ஓடினதாக் கணக்கே?"

"நீங்கள் பாட வேண்டாம். கதையை நிப்பாட்டினாலே எனக்கு விளங்கும், மூச்சு முட்டுது எண்டு."

குழு முழுவதும் சிரித்தது. அந்தக் காலத்தில் அந்தக் குழு நன்றாகச் சிரிக்கும்.

றெஜினா அதில் சேர்ந்தது அதற்குப் பிறகு. அப்போது அவருக்கு நாற்பது கடந்திருந்தது. நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் வாழ்ந்து, சுனாமிக்குப் பின் நகரத்தில் தங்கை வீட்டோடு வந்திருந்தவர். தையல் வேலை. விடிந்தால் பொழுதுபட்டால் மெசினில்தான். இரத்தத்தில் சீனி ஏறி, பாதத்தில் உணர்ச்சி குறையத் தொடங்கியிருந்தது. ஞாயிறு பூசைக்குக்கூட ஓட்டோவில்தான் போவார். நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லி டொக்டர் எங்களிடம் அனுப்பினார்.

சேர்ந்த நாளிலிருந்து அவர் எல்லோருக்கும் பின்னால்தான் நடந்தார். அப்போது கடைசி ஆள் நான். எனக்கும் முன்னால் போக விரும்பாதவர் போல அடிக்கடி நின்றுவிடுவார். மாதச் சோதனையில் பாடச் சொன்னேன். ஒரு தாலாட்டைத் தடங்கலில்லாமல் முழுவதும் பாடினார். நல்ல குரல்.

"இந்த வேகம் காணாது றெஜினா. இன்னும் எட்டி நடக்க வேணும்."

"ஏலாது சேர்."

"மூச்சு வாங்குதே?"

"எனக்கில்லை," என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பாடும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். தலையை வலது தோளுக்கு மேலாகத் திருப்பி, கண்ணைத் தாழ்த்தி, நடந்தபடி பாடினார். வலது கை உடம்போடு ஒட்டாமல் சற்று விலகி நின்றது.

சில கிழமைகள் இப்படிப் போயின. அவருடைய சீனி இறங்கவில்லை. ஒரு காலை சண்முகம் அண்ணை தானாகவே பின்னால் வந்தார்.

"என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் ஊர்வலத்துக்கு வந்த மாதிரி நடக்கிறாய்? நான் கப்பலையே இழுத்தனான். உன்னை இழுக்க ஏலாதே? வா முன்னுக்கு."

பின்தங்குபவர்களை முன் ஆளுக்குப் பக்கத்தில் விடுவது எங்கள் முறைப்படி சரியானதுதான். நானும் தலையசைத்தேன். றெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை அவர் தோளில் கை போட்டு அழைத்துப் போய்விட்டார். முன்னால் வேகமெடுத்தார்கள். ஒரு வளைவுவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பிறகு றெஜினா நின்றார்.

நான் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். அவர் திரும்பி, குழுவுக்கு ஊடாகப் பின்பக்கம் வந்தார். முகங்களைப் பார்க்கவில்லை. ஆட்களுக்கு இடையில், இடுப்பு உயரத்தில் பார்த்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் விலகுங்கோ. கொஞ்சம் விலகுங்கோ." சத்தமில்லாமல், சந்தையில் நெரிசலுக்குள் போகிறவர் சொல்வதுபோல. ஆட்கள் விலகினார்கள். என்னையும் கடந்து போனார். பின்னால் வெறும் வீதி. அதில் அவர் ஓடத் தொடங்கினார். ஒரு செருப்புக் கழன்று விழுந்தது. கவனிக்கவில்லை. தூரத்தில், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் குந்தினார். எதையோ சரிசெய்வதுபோல இரண்டு கைகளும் அசைந்தன. பிறகு எழுந்து மெதுவாக எங்களிடம் திரும்பி வந்தார், வலது கையை விலக்கிப் பிடித்தபடி. முகத்தில் அமைதி இருந்தது.

சண்முகம் அண்ணைதான் முதலில் கண்டார். "பிள்ளை, கால்!"

தார் வீதியில் அவர் வந்த வழி முழுவதும் ஒரு பாதத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. போத்தல் ஓடு ஒன்று பாதத்துக்குள் ஏறி நின்றது. றெஜினா குனிந்து பார்த்தார், வேறொருவருடைய காலைப் பார்ப்பதுபோல.

"நோகேல்லையே," என்றார்.

அந்தக் காயம் ஆற மாதங்கள் எடுத்தன. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியபின் டொக்டர் சிவகாமி என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் தையல் மெசினுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர் ஒரு நோயாளரோடு உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"றெஜினா, மறைக்காமல் சொல்லுறன். சீனி இப்பிடியே இருந்தா அடுத்த புண் ஆறாது. அப்ப விரல் காணாது, கால் போகும். மருந்தால மட்டும் இறக்க ஏலாது. நல்ல சப்பாத்துத் தருவம். நீங்கள் நடக்க வேணும். கெதியா நடக்க வேணும்."

"நடக்கிறன் டொக்டர். கெதியா ஏலாது."

"ஏன்?"

றெஜினா மெசின் சில்லைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். தங்கை குசினிக்குள் இருந்தார். தங்கைக்குக் கேட்காத குரலில் றெஜினா சொன்னார்.

"சின்னவளுக்கு எட்டி நடக்க ஏலாது."

டொக்டர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார்.

"கடல் வந்த அண்டைக்கு வலது கையில பிடிச்சிருந்தனான். அஞ்சு வயசு. எழும்பிப் பாக்கேக்க கை வெறுங்கை. இஞ்ச டவுனுக்கு வந்தாப் பிறகு ஒரு நாள் கடைக்கு நடந்து போனன். பின்னால வாறாள் எண்டு விளங்கிச்சு. நான் நிண்டா நிப்பாள். நான் கெதியாப் போனா அவள் பின்னுக்கு நிண்டு போவாள். அதுதான் ஓட்டோவில போறது. வீட்டில இருந்தா அவளும் பேசாமல் இருப்பாள்." சில்லை நிறுத்தினார். "அவள் வளரேல்ல டொக்டர். நான்தான் கிழவியாகிறன். ஒருக்கா விட்டுப்போட்டு வந்தனான். இன்னொருக்கா ஏலாது. கால் போனாப் போகட்டும்."

நான் டொக்டரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். பிறகு அதையும் எழுதினார், றெஜினா அங்கே ஒழுங்காகப் போய் வந்தார், நித்திரை சீரானது. ஆனால் நடையைப் பற்றிய கதை மாறவில்லை. அன்று அந்த அறையில் டொக்டர் கேட்டது வேறு.

"பிள்ளைக்குக் காலில ஏதும் இருக்கோ? செருப்பு, சப்பாத்து?"

றெஜினா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இல்லை டொக்டர். வெறுங்கால். அண்டைக்கு வீட்டுக்குள்ளதானே நிண்டவள்."

"அப்ப தார் சுடுறதுக்கு முன்னம் நடந்து முடிச்சுப்போட வேணும்," என்றார் டொக்டர். பிறகு என்னைக் காட்டினார். "எங்கட விதிப்படி கடைசி ஆளுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது. பிள்ளையும்தான். நீங்கள் இவருக்கு முன்னால நடவுங்கோ. பிள்ளை உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில வரட்டும். இவர் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவார். அவள் களைச்சுப் போனா இவர் நிப்பார். நீங்கள் நிக்கத் தேவையில்லை."

றெஜினா என்னை நீண்ட நேரம் பார்த்தார். என் முகத்தை அல்ல, கையை.

"வலது கை," என்றார்.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் கேட்டேன். "டொக்டர், நீங்கள் இதை நம்புறீங்களோ?"

"சப்பாத்துக்குள்ள கல் இருக்கெண்டு நம்பியே நான் கை விட்டுப் பாக்கிறன்? இல்லையெண்டு எனக்குத் தெரியாது. அதாலதான் பாக்கிறன்." யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சேர்த்துச் சொன்னார். "நாளைக்கு நீங்கள் கையில ஒண்டும் கொண்டு வரக் கூடாது. தண்ணிப் போத்தலும்தான்."

மறுநாள் விடிய முன் குழு கூடியது. டொக்டரும் வந்திருந்தார். புதுச் சப்பாத்துக்குள் கையை விட்டு நுனிவரை தடவி, றெஜினாவிடம் கொடுத்தார். மற்றவர்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கடைசி ஆளுக்கு முன்னால ஓராள் நடக்கிற இடைவெளி விடுங்கோ. அதுக்குள்ள ஒருத்தரும் வரக் கூடாது." ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கடலுக்குச் சொந்தங்களைக் கொடுத்த கடலோரத்து ஆட்கள். அன்று வீதியில் அவர்கள் விலகி வழிவிட்டதும் அதனால்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது. சண்முகம் அண்ணை மட்டும் அந்த இடைவெளியைப் பார்த்து, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நடந்தோம். றெஜினா முதலில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் வலது கையைச் சற்று முன்னே நீட்டி, விரல்களைத் தளர்வாக மடித்து வைத்திருந்தேன். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாம் தரம் அவர் திரும்பவில்லை. நடை மெல்ல நீண்டது. தாலாட்டுக் கேட்கவில்லை.

டச்பே கடற்கரைக்கு வந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அங்கே வழக்கம்போல மான்கள் நின்றன. நகரத்து மான்கள் ஆட்களுக்குப் பயப்படுவதில்லை. பாண் துண்டு கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ஒரு பெட்டை மான் குழுவை நோக்கி வந்தது. முன்னால் போன எல்லோரையும் விட்டது. றெஜினாவையும் விட்டது. எனக்கும் அவருக்கும் இடையிலிருந்த இடத்துக்கு வந்து, கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தியது. என் கை வெறுமையாக இருந்தது. அது என் கையை மணக்கவில்லை. என் கைக்கு ஒரு சாண் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில் மூக்கை வைத்து மணந்தது. நாசித் துவாரம் விரிவதும் சுருங்குவதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, காதை ஒருமுறை அசைத்து, பின்வாங்கிப் போனது. கொடுக்க ஒன்றும் இல்லை என்று யாராவது கையை விரித்துக் காட்டினால் அவை அப்படித்தான் போகும்.

டொக்டர் எனக்குப் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். நடையை நிறுத்தவில்லை.

அன்று நடை முடிந்தபின் என் வலது கையைப் பற்றி ஒன்றைக் கவனித்தேன். அதன்பின் பல நாட்களிலும் கவனித்தேன். இரண்டாவது ஆள் இல்லாததால் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. றெஜினாவின் சீனி இறங்கியது. பாதம் சுத்தமாக இருந்தது. மாதச் சோதனைக்கு டொக்டரே வந்த ஒரு நாள், கூட நடந்தபடி பாடச் சொன்னார். றெஜினா தாலாட்டைத் தொடங்கினார். முதல் வரி முடியுமுன் மூச்சு இடறியது. மறுபடி எடுத்தார். மறுபடியும் இடறியது. கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏலாது டொக்டர்!"

முன்னாலிருந்து சண்முகம் அண்ணை கத்தினார். "சோதனை பாஸ்! கப்பல் வெளிக்கிட்டுது!"

டொக்டர் சிவகாமி பிறகு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். போகும்போது அந்தக் கோப்பைத் தட்டை எனக்குத் தந்தார். நான் மட்டும் அதே இடத்தில், அதே கையோடு, ஓய்வு பெறும்வரை நடந்தேன். காய்ச்சல் வந்தால் நான் போகும்வரை குழு நடக்காது. மழைக்குக் குடையை இடது கையில் பிடித்தேன். அந்த இடைவெளியைப் பற்றி நாங்கள் யாரும் கதைத்ததில்லை. வெளியூரிலிருந்து புதிதாகச் சேருபவர் தெரியாமல் அதற்குள் வந்துவிட்டால், பக்கத்தில் நடப்பவர் முழங்கையைப் பிடித்து முன்னே இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான். தார் வீதி சூடேறுமுன் எப்போதும் முடித்துவிடுவோம்.

என் கடைசி நாளன்று மாலை போட்டார்கள். பணிஸும் தேநீரும் தந்தார்கள். எல்லோரும் கலைந்தபின் றெஜினா என்னிடம் வந்தார்.

"சேர், உங்கட இடத்துக்கு ஆள் எப்ப வருவினம்?"

"சொல்ல ஏலாது. கொஞ்ச மாதம் ஆகும்போலதான் கிடக்கு. சண்முகம் அண்ணை நடப்பார்தானே பின்னால."

"அண்ணை முன்னுக்கு இழுக்கிற ஆள். அவருக்குப் பின்னுக்கு நிண்டு பழக்கமில்லை." அவர் வலது கையை நீட்டினார். "தாங்கோ சேர். ஆள் வருமட்டும் நான் கூட்டிக்கொண்டு வாறன்."

நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். என் வலது கையை அவர் பக்கம் கொண்டுபோனேன். அவர் தன் கையை அதற்குக் கீழே கொண்டுவந்து, என் விரல்களைத் தொடாமல், இதமாக மூடிக்கொண்டார். நான் என் கையை எடுத்துக்கொண்டேன். அது எடை குறைந்ததுபோல இருந்தது என்று எழுத மாட்டேன். அப்படி எனக்குப் படவில்லை. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அதன்பின் சண்முகம் அண்ணையைச் சந்தைக்குப் போகும்போது சந்திப்பேன். "தம்பி, பாட்டுத் திரும்ப வந்திட்டுது," என்றார் ஒரு நாள். றெஜினா மறுபடி கடைசியில், மெதுவாக, தலையை வலது தோளுக்கு மேல் திருப்பி நடக்கிறார். கிளினிக்கில் சீனி ஏறியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "பகிடி விட்டுப் பாத்தன். எடுபடேல்ல," என்றார் அண்ணை. அவர் முகத்திலும் சிரிப்பு இருக்கவில்லை.

நிரோஷா போன மாதம் அழைத்தது இந்த நிலைமையில். அந்த வலது கையை றெஜினா ஏன் விரித்துத் தொட்டுவிட்டுப் போனார் என்பதை, மேலே எழுதியதில் பாதியைச் சொல்லி விளக்கினேன். மான் கதையைச் சொல்லவில்லை. என் கையைப் பற்றியும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு மாற்றினால் றெஜினா வரமாட்டார் என்றும், வராவிட்டால் அந்தக் கால் என்னாகும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன் சேர்," என்று வைத்துவிட்டார். படித்த பிள்ளை. என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ என்று அன்று முழுவதும் மனம் அலைந்தது.

நேற்று மறுபடி அழைத்தார்.

"சேர், பதில் அனுப்பிட்டன். டச்பே குழு விடிய முதல்தான் நடக்கும் எண்டு எழுதினனான். நோயாளர் கால் பாதுகாப்பு எண்டு காரணம் போட்டிருக்கிறன். பொய் இல்லைத்தானே?"

"இல்லை. றெஜினா எப்பிடி?"

"இப்ப எனக்கு முன்னால நடக்கிறா. முந்தநாள் பாடச் சொன்னனான். ஒரு வரிக்கு மேல ஏலேல்ல. சண்முகம் ஐயா கப்பல் எண்டு ஏதோ கத்தினார். எல்லாரும் சிரிச்சவை." அலுவலகத்தில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். "சேர், இன்னொண்டு. நீங்கள் சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"நடை முடியேக்க என்ர வலது உள்ளங்கை நனைஞ்சிருக்கு. வேர்வை எண்டுதான் முதல் நினைச்சனான். ஆனா மற்றக் கை காய்ஞ்சுபோய் இருக்கு. சின்னப் பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கொண்டு கன தூரம் நடந்தா நனையுமே சேர், அப்பிடி. கொஞ்சம் மண்ணும் ஒட்டியிருக்கு. கடல் மண். ஒவ்வொரு நாளும்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். என் கையிலும் இருந்த அதை நான் அவருக்குச் சொன்னதில்லை. றெஜினாவுக்கும் டொக்டருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொன்னதில்லை.

"சேர், இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன். அதை என்ன செய்யிறனீங்கள்?"

"டிசூவால துடைக்கிறனான்."

"துடையாதேங்கோ," என்றேன். "தானாக் காய விடுங்கோ."